நெட்டி எழுதாத இடிகள்

வினிபெக்
6 அக்டோபர் 1983

அன்புள்ள நெட்டி அக்காவுக்கு,

ஒரீசியா எழுதுகிறேன். நான் சௌக்கியம். இருமல் மட்டும் போவேனா என்கிறது. நீ, அத்தான், மைரன் மூவரும் எப்படி இருக்கிறீர்கள்? கோதுமை அறுவடை முடிந்ததா? ஈஸ்டருக்கு வந்தபோது அத்தான் இளைத்திருந்தாரே, இப்போது தேவலையா?

உன்னிடம் ஓர் உதவி கேட்கத்தான் எழுதுகிறேன். இன்ஷூரன்ஸ் கம்பெனியில் யார் எந்த வயதில் சாவார் என்று கணக்குப் போடுவது என் பிழைப்பு. இப்போது உயிரோடு ஓடுகிறவர்களுக்கும் கணக்குப் போட ஒரு பெரிய ஐஸ் ஹாக்கி அணி என்னைக் கூப்பிட்டிருக்கிறது, ஆபீஸ் முடிந்த பிறகு செய்கிற வேலையாக. ஒவ்வொரு ஜூன் மாதமும் பதினெட்டு வயசுப் பையன்களைப் பொறுக்கி எடுக்கிறார்கள் இல்லையா? யார் எத்தனை கோல் போட்டான் என்று எண்ணிவிடலாம். யார் கெட்டி என்று எப்படி எண்ணுவது? இத்தனை வருஷமும் அவர்களுடைய ஆள் ஊர் ஊராகப் போய், பையனின் தாடையைப் பார்த்துவிட்டு வந்து, "கெட்டிப் பய சார்" என்று சொல்வதுதான் கணக்கு. நான் அதை எண்ணாக மாற்றுகிறேன். இடி வாங்கியும் ரப்பர் வட்டை விடாமல் வைத்திருந்தானா, எதிராளி அடித்த வட்டை உடம்பால் தடுத்தானா, பின்னால் ஒருவன் இடிக்க வருவது தெரிந்தும் மூலைக்கு முதல் ஆளாகப் போனானா. இந்த மூன்றையும் கூட்டி, ஆடிய நிமிஷங்களால் வகுத்தால் கெட்டி எண் வந்துவிடும்.

மைரன் ஆடுகிற லீக்கில் பன்னிரண்டு ஊர். ஊருக்கு ஒருவர் தாளும் பென்சிலுமாக உட்கார வேண்டும். உங்கள் ஊருக்கு உன்னைத் தவிர யாரையும் எனக்குத் தோன்றவில்லை. நீ பள்ளியில் டீச்சராக இருந்த வரைக்கும் வருகைப் பதிவேட்டில் ஒரு புள்ளி பிசகியதில்லை. உன் பிள்ளை ஆடுகிறான் என்று ஓரவஞ்சனை மட்டும் செய்துவிடாதே.

அத்தானுக்கு என் அன்பு. பதில் போடு.

உன் தங்கை,
ஒரீசியா

*

சோகல் க்ரீக், சஸ்காச்சுவான்
19 அக்டோபர் 1983

அன்புத் தங்கை ஒரீசியாவுக்கு,

உன் கடிதம் சனிக்கிழமை வந்தது. இருமலுக்கு வெங்காயச் சாறும் தேனும் குடி. டாக்டரிடம் போனால் நீ போட்ட கணக்கையே உனக்குத் திருப்பிச் சொல்வார். இங்கே எல்லோரும் நலம். அறுவடை முடிந்தது. உன் அத்தான் சுகம்.

தாள்கள் கிடைத்தன. இரண்டு ஆட்டத்துக்கு எழுதி இத்துடன் வைத்திருக்கிறேன். தப்பாட்டம் ஆடியவனை உட்கார வைக்கிற தண்டனைப் பெட்டிக்குப் பக்கத்தில் எனக்கு ஒரு நாற்காலி போட்டுக் கொடுத்துவிட்டார்கள். பையன்கள் எல்லோருக்கும் என்னைத் தெரியும், பாதிப் பேருக்குப் பெருக்கல் வாய்ப்பாடு சொல்லிக் கொடுத்ததே நான்தான். கோச் லைல் வந்து, "பிங்கோவுல நம்பர் கூப்பிடற மாதிரி சத்தமா எண்ணிறாதீங்க நெட்டி, பசங்க பயந்துருவாங்க" என்று சொல்லிவிட்டுப் போனார்.

ஒரு சந்தேகம். மைரன் ஆடி நீ பார்த்ததில்லை. இடிக்க வருகிறவன் வந்து சேரும்போது இவன் அந்த இடத்தில் இருக்கவே மாட்டான். வந்தவன் பலகைச் சுவரில் முட்டிக்கொண்டு நிற்பான், இவன் வட்டோடு நடுத் தளத்தில் சிரித்துக்கொண்டு போய்க்கொண்டிருப்பான். ஊரே கை தட்டும். இதை எழுத உன் தாளில் எந்தக் கட்டம்?

உடம்பைப் பார்த்துக்கொள்.

உன் அக்கா,
நெட்டி

*

வினிபெக்
24 நவம்பர் 1983

அன்புள்ள அக்காவுக்கு,

வெங்காயச் சாறு குடித்தேன். இருமல் போய்விட்டது, கூடவே பக்கத்து மேசைக்காரியும் தள்ளி உட்கார்ந்துவிட்டாள். அங்கே குளிர் எப்படி? இங்கே ஆறு உறைந்துவிட்டது.

உன் தாள்கள் அச்சடித்த மாதிரி இருக்கின்றன. மற்ற ஊர்க்காரர்கள் அனுப்புவதில் காபிக் கறையைத் தாண்டித்தான் எண்ணைப் படிக்க வேண்டும். ஆனால் நீ கேட்ட கட்டம் கிடையாது அக்கா. பட்டதை எண்ணலாம், படாததை எப்படி எண்ணுவது?

முதல் பட்டியல் தயார். லீக்கின் சராசரி பத்து. மைரனுக்கு ஐந்து வந்திருக்கிறது. வருத்தப்படாதே, சீசன் இன்னும் நீளமாக இருக்கிறது. பன்னிரண்டு கோச்சுகளுக்கும் ஆளுக்கொரு பிரதி அனுப்பியிருக்கிறேன். பையன்களுக்குத் தங்கள் இடம் தெரிந்தால் நல்லதுதானே?

மைரன் என்ன சொல்கிறான்? பெரிய அணியைப் பற்றி இன்னும் கனவு காண்கிறானா? எழுது.

உன்,
ஒரீசியா

*

சோகல் க்ரீக்
18 டிசம்பர் 1983

அன்பு ஒரீசியா,

நீ நலம் என்று அறிந்து நிம்மதி. இங்கே குளிர் மைனஸ் முப்பத்தொன்று. அரங்குக்குள்ளேயும் அதேதான், கூரை மட்டும்தான் கூடுதல். பேனா உறைந்துபோகிறது என்றுதான் நீ பென்சில் அனுப்பினாய் போலிருக்கிறது.

பழைய காலண்டர்படி ஜனவரி ஏழாம் தேதி வருகிற நம் கிறிஸ்துமஸுக்கு வருவாயா? முந்தின இரவுக்குப் பன்னிரண்டு பதார்த்தமும் செய்கிறேன். கோதுமையும் தேனும் கசகசாவும் கலந்து நீ சட்டியோடு தின்பாயே, அதைத் தனியாக எடுத்து வைப்பேன். வர முடியாவிட்டால் வராதவர்களுக்கு வைக்கும் தட்டு இருக்கவே இருக்கிறது.

மைரன் கனவைப் பற்றிக் கேட்டாய். முன்பெல்லாம் ஆட்டம் முடிந்து வந்தால் சாப்பாட்டு மேசையில் வாய் ஓயாது. இப்போது சாப்பிட்டுவிட்டு எழுந்து போய்விடுகிறான். பேச்சு முழுக்க உன் அத்தானுடன்தான்.

மூன்று ஆட்டத் தாள்கள் உள்ளே.

நெட்டி

பி.கு. அந்தப் பட்டியலை கோச்சுகளுக்கு அனுப்பித்தான் ஆக வேண்டுமா?

*

வினிபெக்
17 ஜனவரி 1984

அன்புள்ள அக்காவுக்கு,

கிறிஸ்துமஸுக்கு வர முடியவில்லை, மன்னித்துவிடு. என் தட்டில் என்னென்ன வைத்தாய் என்று எழுதவே இல்லை. உனக்கும் அத்தானுக்கும் ஜலதோஷம் ஏதும் இல்லையே? பட்டியலை நிறுத்த முடியாது, அணிக்காரர்களுக்கு அது மிகவும் பிடித்துப்போயிருக்கிறது. மாதம் ஒன்று அனுப்பச் சொல்கிறார்கள்.

இப்போது எழுதப்போவதை நான்கு முறை சரிபார்த்துவிட்டுத்தான் எழுதுகிறேன். முதல் பட்டியலுக்குப் பிறகு மைரனின் கெட்டி எண் சொந்த ஊர் ஆட்டங்களில் நான்கு. வெளியூர் ஆட்டங்களில் பதினேழு. ஓர் ஊரில் இப்படி வந்தால் அங்கே பென்சில் பிடித்தவர் தாராளம் என்று விட்டுவிடலாம். ஆறு ஊரில், ஒருவரையொருவர் தெரியாத ஆறு பேர் எண்ணி, எல்லோருக்கும் பதினேழை ஒட்டியே வருகிறது. உங்கள் அணியில் மற்ற பதினேழு பையன்களுக்கும் உள்ளூருக்கும் வெளியூருக்கும் பெரிய வித்தியாசமே இல்லை. அவன் ஒருவனுக்குத்தான் இப்படி.

அக்கா, நீ கணக்கில் தப்பு செய்கிறவள் இல்லை. என்ன நடக்கிறது? பிள்ளைக்குச் சாதகம் செய்தாள் என்று ஊர் பேசுமோ என்று குறைத்துப் போடுகிறாயா? இந்த எண்ணை வைத்துத்தான் ஜூன் மாதம் அவனை எடுப்பார்கள், அல்லது விடுவார்கள். அவன் வாழ்க்கையே இதில் இருக்கிறது. உடனே பதில் போடு.

உன்,
ஒரீசியா

*

சோகல் க்ரீக்
20 பிப்ரவரி 1984

ஒரீசியா,

உடம்பு நலம்தானே? இங்கே நலம். பதில் தாமதமாகிவிட்டது. பனிப்புயலில் சாலை மூடியிருந்தது.

யாராவது அவனை இடிக்க வரும்போது நான் கண்ணை மூடிக்கொண்டுவிடுகிறேன். திறந்து பார்த்தால் அவன் நின்றுகொண்டிருக்கிறான். பார்க்காததை எப்படி எழுதுவது? அதுதான் விஷயம்.

நெட்டி

*

வினிபெக்
25 பிப்ரவரி 1984

என் அன்பு அக்காவுக்கு,

உன் நாலு வரியைப் படித்து முதலில் சிரித்தேன், பிறகு அழுகை வந்தது. பெற்ற வயிறு என்பது இதுதானா? உன்னைக் குறுக்கு விசாரணை செய்த மாதிரி எழுதிவிட்டேன், மனதில் வைத்துக்கொள்ளாதே. உனக்கு இந்த வேலையைக் கொடுத்ததே என் தவறு.

இதைச் சரிசெய்வது சுலபம். மைரனுக்கு மட்டும் உள்ளூர்த் தாள்களை நீக்கிவிட்டு, வெளியூர்த் தாள்களை மட்டும் எடுத்துக்கொண்டேன். அவன் இப்போது எங்கே இருக்கிறான் தெரியுமா? லீக் முழுவதிலும் மூன்றாவது இடம். இருநூற்றுச் சொச்சம் பேரில் மூன்றாவது! அணிக்காரர்கள் குதிக்கிறார்கள். மார்ச் ஒன்பதாம் தேதி வெள்ளிக்கிழமை உங்கள் ஊர் ஆட்டத்துக்கு அவர்களுடைய ஆளே வருகிறார். அவனிடம் சொல். அத்தானிடமும் சொல். அவர் நாலு வருஷம் ஆடி எட்டாத இடம் இது, எவ்வளவு சந்தோஷப்படுவார்!

பெருமையுடன்,
உன் ஒரீசியா

*

சோகல் க்ரீக்
3 மார்ச் 1984

ஒரீசியாவுக்கு,

நீ நன்றாக இருக்க வேண்டும் என்றுதான் தினமும் வேண்டிக்கொள்கிறேன், அதை முதலில் எழுதிவிடுகிறேன். இனி எழுதப்போவது உனக்குப் பிடிக்காது.

நான் கண்ணை மூடியதே இல்லை. ஒரு தடவைகூட இல்லை. பெற்றவள் மூடுவாள் என்று உனக்கு யார் சொன்னது? அவன் முழங்கை, விலா, கழுத்து, எது எந்தச் சுவரில் பட்டது என்று எனக்குத் தெரியும். கோட்டின் இடது பையில் காய்ந்த பட்டாணி வைத்திருப்பேன். இடி ஒன்றுக்குப் பட்டாணி ஒன்று, கையுறைக்குள் வைத்தபடி வலது பைக்கு மாற்றுவேன். அவன் வட்டைத் தடுத்ததை மட்டும் தாளில் எழுதுவேன், இடிக்குப் பென்சிலைத் தொட மாட்டேன். வீட்டுக்கு வந்து எண்ணி நோட்டில் எழுதுவேன். அந்த நோட்டை இத்துடன் அனுப்பியிருக்கிறேன். அதில் ஓர் எண்கூடப் பொய் இல்லை.

நவம்பர் வரைக்கும் ஆட்டத்துக்கு மூன்று, நாலு. உன் பட்டியலை லைல் உடை மாற்றும் அறைக் கதவில் ஒட்டினார். அதற்குப் பிறகு பதிமூன்று, பதினைந்து. இடிப்பவனுக்குக் கிடைக்காமல் ஓடிய பிள்ளை, இப்போது இடிப்பவனைத் தேடிப் போய் முதுகைக் கொடுக்கிறான். நீ அவன் கெட்டித்தனத்தை அளக்கவில்லை ஒரீசியா, நீ அவனுக்கு அதைக் கட்டளையாகப் போட்டுவிட்டாய்.

உன் அத்தான் சுகம் என்று பதினோரு வருஷமாக உனக்கு எழுதிக்கொண்டிருக்கிறேன். அவரால் மல்லாந்து படுக்க முடியாது. நாற்காலியில் உட்கார்ந்தபடிதான் தூக்கம். நாற்பத்து மூன்று வயதில் அவருக்குக் காலுறையை நான்தான் மாட்டிவிடுகிறேன். நீ ஈஸ்டருக்கு வரும்போது இரண்டு மாத்திரை போட்டுக்கொண்டு வாசலில் வந்து நிற்பார், நீ போகும்வரை நிற்பார். அவரையும் ஒரு காலத்தில் கெட்டி என்றுதான் சொன்னார்கள். தன் பிள்ளையிடமும் அதைத்தான் சொல்கிறார். "வலிக்குதுன்னு காட்டிட்டா அன்னிக்கே உன் பேரை அடிச்சிருவாங்கடா" என்று அந்த நாற்காலியில் உட்கார்ந்துகொண்டு சொல்கிறார். எனக்கு இரண்டு பேர் மேலும் ஆத்திரம் வருகிறது, இரண்டு பேருக்காகவும் அழுகை வருகிறது.

பட்டியலில் கீழே கிடந்தால் யாரும் அவனைத் தேடி வர மாட்டார்கள் என்று நினைத்தேன். அதனால்தான் எழுதவில்லை. நான் எழுதியபடியே நான்கு என்று போடு. அந்த ஆளை வர வேண்டாம் என்று சொல். உன்னால் முடியும்.

உன் அக்கா,
நெட்டி

*

நகர ஆஸ்பத்திரி
15 மார்ச் 1984

அன்புள்ள ஒரீசியா சித்திக்கு,

மைரன் எழுதுகிறேன். நலமா? இடது கையால் எழுதுவதால் கோழி கிளறினாற்போல இருக்கும். வலது தோள்பட்டை மூன்று துண்டாம். உங்கள் ஆள் வந்த ஆட்டத்தில் நடந்தது. டாக்டர் தகடு வைத்திருக்கிறார். வலி பரவாயில்லை.

ஒரு விஷயம் உங்களுக்குத் தெரிந்தால் நல்லது. கணக்குப் பார்க்கிறவர் என்பதால் எழுதுகிறேன். அம்மாவின் தாளில் என் எண் ஏன் குறைவு என்று கேட்டீர்களாமே. அம்மா எழுதுவதில்லை. தளத்திலிருந்து பார்த்தால் நன்றாகத் தெரியும். மற்ற பையன்கள் யார் இடி வாங்கினாலும் அவர் பென்சில் அசையும். நான் வாங்கினால் அசையாது. ஆனால் கண் என் மேலேயேதான் இருக்கும். பார்த்தும் எழுதவில்லை என்றால் அது போதவில்லை என்றுதான் நினைத்தேன். சின்ன வயதில் வீட்டுப்பாடத்திலும் அப்படித்தான், சரியாக வரும்வரை மார்க் போட மாட்டார்.

லைல் வேறு, "உங்கம்மா பென்சிலுக்கே உன்னப் பிடிக்கலடா" என்று எல்லோர் முன்னாலும் சொன்னார். பையன்கள் அதையே பிடித்துக்கொண்டார்கள்.

அதனால் வெளியூரில் முடிகிற அளவுக்குத்தான் இடி வாங்கப் போவேன். சொந்த ஊரில் அந்தப் பென்சில் அசையும்வரைக்கும் போவேன். அன்றைக்கும் அப்படித்தான். பதினெட்டு வரைக்கும் எண்ணினேன். பத்தொன்பதாவதுக்குப் போகும் முன்னால் திரும்பி அம்மாவைப் பார்த்தேன், அந்த நேரத்தில்தான் அவன் வந்து இடித்தான்.

அம்மாவிடம் இதைச் சொல்லிவிடாதீர்கள் சித்தி. நேற்று கட்டில் பக்கத்தில் உட்கார்ந்து, "நான் எழுதலடா, ஒண்ணுகூட எழுதல, உன்னைக் காப்பாத்திடலாம்னு நினைச்சேன்" என்று சொல்லிச் சொல்லி அழுதார். அப்போதுதான் எனக்கே விஷயம் புரிந்தது. தெரியும்மா என்று மட்டும் சொன்னேன்.

உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

அன்புடன்,
மைரன்

*

சோகல் க்ரீக்
2 ஏப்ரல் 1984

ஒரீசியாவுக்கு,

நீ எப்படி இருக்கிறாய் என்று தெரியவில்லை. மார்ச் மூன்றாம் தேதி எழுதிய கடிதத்துக்கு இன்னும் பதில் இல்லை. நோட்டு கிடைத்ததா என்றும் தெரியவில்லை.

மைரன் வீட்டுக்கு வந்துவிட்டான். அந்தக் கை இனிமேல் காதுக்கு மேலே தூக்க வராது என்று டாக்டர் சொல்லிவிட்டார். உங்கள் அணியின் ஆள் போன வாரம் வரைக்கும் போன் செய்துகொண்டிருந்தார். "இவ்ளோ கெட்டியான பையனை நான் பாத்ததே இல்ல மேடம், விழுந்த பிறகும் எந்திரிச்சு மூலைக்குப் போனான்" என்று என்னிடமே புகழ்ந்தார். டாக்டர் சொன்னதைச் சொன்னேன். அதற்குப் பிறகு போன் வரவில்லை. உன் அத்தான் மாத்திரை போட்டுக்கொண்டு அரங்குக்குப் போனார். பிறகு கதவிலிருந்து கொண்டுவந்த பட்டியலை அடுப்பில் போட்டார்.

ஆஸ்பத்திரியில் மைரன் உன் விலாசமும் தபால்தலையும் கேட்டு வாங்கினான். என்ன எழுதினான் என்று சொல்ல மாட்டேன் என்கிறான். அது உங்களுக்குள் இருக்கட்டும்.

நான் ஒன்றே ஒன்று கேட்கிறேன். இரவு பகலாக அதுதான் மனதைப் போட்டு அரிக்கிறது. என் நோட்டும் உன் தாள்களும் உன்னிடம் இருக்கின்றன, கணக்கும் உனக்குத் தெரியும். ஆறுதலுக்காக ஏதும் சொல்லாதே, நீ அப்படிச் சொல்கிறவளும் இல்லை. நான் எழுதாமல் விட்டதால் அவனுக்கு ஓர் இடியாவது குறைந்ததா? குறைந்தது என்றால் எத்தனை? எண்ணாகச் சொல்.

நெட்டி

*

வினிபெக்
24 ஏப்ரல் 1984

அன்புள்ள அக்காவுக்கு,

நான் நலம் என்று எழுதப் பேனாவுக்கு மனம் வரவில்லை. நீயும் மைரனும் அத்தானும் நலமாக இருங்கள். இங்கே ஆற்றுப் பனி உடைந்து ஓட ஆரம்பித்துவிட்டது.

உன் மார்ச் கடிதம் ஆட்டத்துக்கு இரண்டு நாள் முன்னாலேயே என் கைக்கு வந்துவிட்டது. ஒரு போன் செய்திருந்தால் அந்த ஆளைத் தடுத்திருக்கலாம். மூன்றாவது இடம், மூன்றாவது இடம் என்று எல்லோரிடமும் சொல்லியிருந்தேன். அந்தப் பெருமையை விட மனமில்லாமல் போனைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். இதற்கு உன்னிடம் மன்னிப்புக் கேட்கவும் எனக்கு வாய் இல்லை. அணியின் வேலையை விட்டுவிட்டேன். பட்டியலைக் கிழிக்கச் சொன்னேன். கேட்கவில்லை, வேறு ஒருவரிடம் கொடுத்துவிட்டார்கள்.

மைரன் எழுதியதில் பெரிதாக ஒன்றும் இல்லை. தோளைப் பற்றியும், ஆஸ்பத்திரிச் சாப்பாட்டைப் பற்றியும் எழுதியிருந்தான்.

நீ கேட்ட கணக்கை மூன்று வாரமாகப் போட்டேன். உன் நோட்டையும் வெளியூர்த் தாள்களையும் வரி வரியாக எடுத்து, உள்ளூர் தனி, வெளியூர் தனி, பட்டியல் ஒட்டியதற்கு முன், பின் என்று பிரித்துப் பார்த்தேன். எப்படிப் போட்டாலும் ஒரே விடைதான் வருகிறது. நீ எழுதியிருந்தால் அவன் டிசம்பரிலேயே பட்டியலின் உச்சிக்குப் போயிருப்பான். அந்த இடத்தைக் காப்பாற்ற இன்னும் மோதியிருப்பான். நோட்டைத் திருப்பிக் கேட்காதே அக்கா, ஆபீஸ் பழைய காகிதத்தோடு சேர்த்துப் போட்டுவிட்டேன். அதைத் திறந்து நீ மறுபடி எண்ண வேண்டாம்.

குறைந்திருக்கிறது. நாற்பத்தொரு இடி. ஒன்றிரண்டு முன்னே பின்னே இருக்கலாம்.

உன் தங்கை,
ஒரீசியா